குருவி வயிற்றில் ஊறிய பானகம்

நாக்கின் நுனியில் பட்டவுடன் ஒன்றும் தெரியாது. வாயை மூடி, நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்து, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணினால் எங்கிருந்தோ ஒரு தித்திப்பு மெல்ல எழுந்து வரும். வெல்லத்தின் தித்திப்பு இல்லை, சர்க்கரையினுடையதும் இல்லை. காசை வாயில் அடக்கிக்கொண்டதுபோல ஓரத்தில் ஓர் இரும்பு வாடை இருக்கும். பிறகு எந்த மிட்டாய்க்கடையிலும் நான் அதைக் கண்டதில்லை. அது ஒரு பீங்கான் குருவியின் ஆரஞ்சு நிற வாலிலிருந்து வந்தது. குருவியின் வாலில் உனக்கு என்னடி வேலை என்று கேட்பீர்கள். அந்தக் குருவியை வாலில் வாய்வைத்துத்தான் ஊத வேண்டும். என் வாழ்க்கையின் முதல் உத்தியோகமே, நாள் முழுக்கக் குருவிகளின் பின்பக்கத்தில் வாய் வைப்பதுதான். அதன்பிறகு நான் பார்த்த எந்த வேலையும் அவ்வளவு இனிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் நிறைந்த செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் முழுதான சாமான் ஒன்று இருக்காது. காது உடைந்த கோப்பை, வாய் கோணிய ஊறுகாய் ஜாடி, தும்பிக்கை சப்பிப்போன பிள்ளையார் என்று பட்டறையில் கழித்துப் போட்டதெல்லாம் வேலைக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதற்கு "செகண்ட்ஸ்" என்று பெயர். அப்பா ஒரு சின்னப் பட்டறையில் சூளை அடுக்குகிறவர். எந்தச் சாமானை எந்தத் தட்டில் வைத்தால் எவ்வளவு சூடு ஏறும் என்பது அவர் கைக்குத் தெரியும். என்னைக் காட்டி, "இதுவும் செகண்ட்ஸ்தாங்க, அச்சு சின்னது, தொண்ட பெருசா வுழுந்துடுச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். என் குரல் அப்படி. நான் தெருமுனையில் அம்மாவைக் கூப்பிட்டால் ஷிப்டு முடிந்து சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து நாலு பேர் கைகழுவப் போவார்களாம். அதனால் பட்டறையில் எனக்குப் பெயர் "சங்கு".

அம்மா வீட்டிலிருந்தபடியே பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். கூடை கூடையாக வெள்ளைக் குருவிகள் வீட்டுக்கு வரும்; கண்ணும் அலகும் வைத்து, வாலுக்கு ஆரஞ்சுப் பெயிண்ட் பூசி அனுப்ப வேண்டும். தூரிகையின் முடி விரிந்துகொண்டால் கண் பிசிறடிக்கும். ஆகவே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒருமுறை அதை உதட்டில் வைத்து இழுத்துக் கூராக்கிக்கொள்வாள். மாலையில் அவள் கீழுதட்டின் நடுவே ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு கோடு இருக்கும். வெற்றிலை போடாத வாயில் வெற்றிலைக் கோடு என்று நாங்கள் கேலி செய்வோம்.

அந்தக் குருவிக்குத் "தண்ணிக் குருவி" என்று பெயர். முதுகில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊற்றி வாலில் ஊதினால், வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கிக் "குளுக் குளுக்" என்று கூவும். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் போடும் கடைகளில் பிள்ளைகள் அதற்காகத் தரையில் விழுந்து புரளும். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. உள்ளே வெறும் சுட்ட மண் என்பதால் தண்ணீர் ஊறி, குருவிக்கு வேர்த்துக் கொட்டும், கை பிசுபிசுக்கும். ஸ்ரீமுஷ்ணத்துக் கடைக்காரர் ஒருவர் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார். பட்டறை முதலாளி இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கோப்பைகளுக்குப் பளபளப்புக்காகப் பூசியது போக மிஞ்சும் கிளேஸை, அந்தச் செக்கச் சிவந்த கனமான பொடி கலந்த கரைசலை, குருவியின் வயிற்றுக்குள் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டு இன்னொரு முறை சூளையில் வைப்பது. அது குறைந்த சூட்டிலேயே உருகும் சரக்கு என்பதால், வேறு எதற்கும் லாயக்கில்லாத மேல்தட்டு மூலையில், சூடு மந்தமாக இருக்கும் இடத்தில், அப்பா குருவிகளை அடுக்கினார். வெளியே எடுத்தபோது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. முதலாளிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. முதல் குருவியைத் தன் சொந்த மகள் கையில்தான் கொடுத்தார். இதை இங்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் நல்ல மனிதர்.

ஒழுகாவிட்டால் போதுமா, கூவ வேண்டாமா? கிளேஸ் போய் வாலின் துளையை அடைத்துக்கொண்டால் குருவி ஊமை. ஆகவே ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றி ஊதிப் பார்த்துத்தான் வைக்கோலில் சுற்ற வேண்டும். அந்த வேலைக்குச் சங்கைவிடத் தகுதியானவர் யார்? பொங்கல் கழிந்ததிலிருந்து மாசி மகம் வரை பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அதே வேலை. பத்து வயதில் பதவி வந்தால் என்ன ஆகும்? என் பென்சில் டப்பாவில் "மேனேஜர்" என்று எழுதி ஒட்டினேன். கூவாத குருவியை ஒதுக்கும்போது அப்பாவைப்போலவே மூக்கைச் சுளித்து, "இது தேறாது" என்பேன். கூவிய குருவியை ஒருமுறை அதிகமாகவே சப்புவேன். வால் இனிக்கும் என்பதை அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தனம் பெரியம்மா பட்டறையில் வைக்கோல் சுற்றுகிறவர். ஒருநாள் என் ஆரஞ்சு உதட்டைப் பார்த்து, வாயைக் கழுவிவிட்டுச் சோறு தின்னச் சொன்னார். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "வெளையாடுற புள்ளைக்கு வெசமும் சீரணம்" என்றார். அது அவர் அடிக்கடி சொல்வதுதான். பச்சை மாங்காய்க்கும் சொல்வார், மழையில் நனைந்தாலும் சொல்வார்.

மேனேஜருக்கு ஓர் உதவியாளர் வேண்டுமே. என் தம்பி பாபுவை வைத்துக்கொண்டேன். அப்போது அவனுக்கு நான்கு வயது நிறையவில்லை. பேச்சில் என்னையே விழுங்கிவிடுவான். கண்டக்டராவதுதான் அவன் லட்சியம். வாசற்படியில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு, காதில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு, "வேப்பூர், நல்லூர், ஸ்ரீமுஷ்ணம், ஏறு ஏறு ஏறு, உள்ள போ பெரியம்மா, உள்ள எடமிருக்குது" என்று ஒரே மூச்சில் கத்துவான். தனம் பெரியம்மா கூடையோடு வாசலைக் கடந்தால், "லக்கேஜுக்குத் தனி டிக்கெட்டு" என்பான். அந்தத் தெருவில் அவனைத் தூக்காத இடுப்பு கிடையாது.

சும்மா தண்ணீர் ஊற்றி ஊதுவது எனக்குச் சலித்துப்போனது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும், செய்யாமல் இருந்திருக்கலாம். அடுக்களையிலிருந்து கொஞ்சம் புளியும் வெல்லமும் திருடிக் கரைத்து, அலகு உடைந்து கழிந்த செகண்ட்ஸ் குருவிகளின் வயிற்றில் ஊற்றினேன். வாலை உறிஞ்சினால் பானகம். தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு வாய் என்று கணக்கு. மேனேஜரின் தம்பிக்கு மட்டும் இரண்டு வாய். ஒருநாள் மிச்சம் வைத்ததை மறுநாள் காலையில் பாபு குடித்துவிட்டு, "அக்கா, நேத்தவிட இனிக்குது" என்றான். நானும் உறிஞ்சிப் பார்த்தேன். உண்மைதான். ஊறினால் ருசி கூடுகிறது. ஏதோ பெரிய விஞ்ஞான உண்மையைக் கண்டுபிடித்த கர்வத்தோடு அன்றிலிருந்து மாலையிலேயே ஊற்றி, ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்துவிடுவேன். இரவெல்லாம் குருவிகள் வயிறு நிறைய ஊறிக்கொண்டிருக்கும். காலையில் பல் விளக்கும் முன்பே பாபு ஜன்னலடியில் நிற்பான்.

மாசி பிறப்பதற்கு முன்பே அவனுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க நான் செய்யும் நாடகத்தைப் பார்த்துச் செய்கிறான் என்று நினைத்தார்கள். பிறகு வலி வந்தால் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சத்தமில்லாமல் சுருண்டுகொண்டான். இரண்டு நாள், மூன்று நாள் வெளிக்குப் போகமாட்டான். சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொண்டான். முகம், கண் எழுதாத பொம்மைபோல வெளுத்துவிட்டது. பூச்சி என்றார்கள், திருஷ்டி என்றார்கள், தனம் பெரியம்மா வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொண்டுவந்தார். கண்டக்டர் படிக்கட்டில் தொங்குவதை நிறுத்திவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "வேப்பூர், நல்லூர்" என்பதோடு விட்டுவிடுவான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நானும் போனேன், அவனுடைய செருப்பு என் கையில் இருந்தது. டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார், "கண்டதையும் வாயில வெக்கிறானா?"

"மண்ணு திங்கிறானோன்னு சந்தேகமா இருக்குதுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாம்மா?"

ஊரைக் கூட்டுகிற தொண்டை எனக்கு. வகுப்பில் வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் தப்பான பதிலைச் சொல்லிவிடுகிறவள். அன்றைக்கு என் வாயில் ஒரு சொல் வரவில்லை. ஏனென்றால் பானகத்தைச் சொன்னால் வெல்லத்தைச் சொல்ல வேண்டும். வெல்லப் பானை பாதியாகிவிட்டதென்று அதற்கு முந்தின வாரம்தான் அம்மா எறும்பைத் திட்டித் தீர்த்திருந்தாள். எறும்பு நான்தான் என்று தெரிந்தால் முதுகுத் தோல் உரியும். குருவியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகம் இருந்து மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். நான் மறைத்தது வெல்லத்தைத்தான். இல்லை என்று தலையாட்டினேன். பூச்சி மருந்தும் சத்து டானிக்கும் எழுதிக்கொடுத்தார்.

அடுத்த இரண்டு வாரம்தான் என்னை இன்றைக்கும் விடாதது. பாபு எதையுமே சாப்பிடவில்லை. கஞ்சியைத் துப்பினான். டானிக்கைத் துப்பினான். அம்மா ஒரு கையில் தூரிகையும் ஒரு கையில் கிண்ணமுமாக அழுதாள். மேனேஜரால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவன் வேண்டாம் என்று சொல்லாதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தெரியுமே. தெருப் பிள்ளைகளுக்குப் பானகத்தை நிறுத்திவிட்டேன், எல்லாம் தம்பிக்கே. இருப்பதிலேயே நன்றாகக் கூவும் குருவியை எடுத்து, புளியைக் கொஞ்சம் கெட்டியாகவே கரைத்து ஊற்றி, அம்மா பார்க்காத இடத்தில், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஊறவைத்தேன். விடிந்ததும் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாலை அவன் வாயில் கொடுப்பேன். குடிப்பான். குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். என் மருந்துதான் வேலை செய்கிறது என்று நான் நம்பினேன்.

மாசி மகத் தேரன்று தெருவே கோயிலுக்குப் போய்விட்டது. அப்பா அவனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் குருவிக் கடைகளை எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். எங்கு பார்த்தாலும் பிள்ளைகள் வாயில் எங்கள் குருவி. நூறு திசையிலிருந்து "குளுக் குளுக்". நான் ஊதித் தேற்றிய குருவிகள். அவ்வளவு பெருமையாக நான் அதற்குப் பிறகு நடந்ததில்லை. தேர் வடத்தைத் தொடும் கூட்டத்தில் அப்பாவின் தோளில் பாபுவின் கால்கள் உதறத் தொடங்கின. தேரைப் பார்த்த சந்தோஷத்தில் ஆடுகிறான் என்று அப்பா அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். கண்கள் மேலே செருகியிருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சங்கு அன்றைக்குத்தான் தேவைக்குக் கத்தியது. தேரின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்தார்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். உயிர் தங்கியது. வீட்டுக்கு வந்த பாபு நடந்தான், சாப்பிட்டான், கூப்பிட்டால் திரும்பினான். பேச்சுதான் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டு வந்தது. ஒருநாள் நானே வாசற்படியில் அவனை நிறுத்தி, காதில் குச்சியைச் செருகி, "சொல்லுடா, வேப்பூர்" என்றேன். "வேப்பூர்" என்றான். கொஞ்சம் காத்திருந்தேன். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தான். நான் நல்லூரைச் சொல்வேன் என்று நினைத்தான் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மனிதரால் தீராத வழக்கைக் கொளஞ்சியப்பரிடம் கொண்டுபோவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். கோர்ட்டில் மனு கொடுப்பதுபோல, நடந்ததைக் காகிதத்தில் எழுதி, கோயிலில் முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். வழக்குத் தீர்ந்துவிட்டால் கட்டியவர்களே வந்து பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மாவுக்குச் சந்தேகம். எங்கள் சித்திமேல்தான் அவளுக்கு ஒரு கண் இருந்தது. அம்மாவுக்குக் கண் எழுதத்தான் வரும், எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். நான் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். என்னை உட்காரவைத்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"கொளஞ்சியப்பா, எம்புள்ளைக்கு யாரோ என்னமோ குடுத்துட்டாங்க. குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியல, ஒனக்குத் தெரியும். எங்க சொந்தமா இருந்தாலும் வுடாத. நீயே நின்னு கேளு."

"வுடாத" என்பதை "விடாதே" என்று திருத்தி எழுதினேன். அழகாக, கோணலில்லாமல், ஒரு வரிக்கும் இன்னொரு வரிக்கும் ஒரே இடைவெளி விட்டு எழுதினேன். அம்மா அதை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சித்திக்கு என்ன ஆகப்போகிறதோ என்றுதான் பயந்தேன்.

அதன்பிறகு சித்தியோடு போக்குவரத்து நின்றது. பாபு ஒன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தான். பட்டறை இன்னும் சில வருஷம் குருவி செய்தது. பிளாஸ்டிக் விசில் வந்தபிறகு நிறுத்திவிட்டது. நான் கணக்கில் தோற்றும் தமிழில் தேறியும், ஒருவழியாகப் படித்து, கல்யாணமாகிப் புதுச்சேரிக்குப் போனேன். என் மகளின் காய்ச்சலுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். எனக்கு எதைப் பார்த்தாலும் சத்தமாகப் படிக்கிற பழக்கம். குழந்தைகளின் உடம்பில் காரீயம் சேர்ந்தால் வரும் அறிகுறிகள் என்று மகளுக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, வலிப்பு, பேச்சு பின்தங்குதல். கர்ப்பிணிகளுக்குக் கரு தங்காமல் போகலாம் என்றும் ஒரு வரி இருந்தது. பாபுவுக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை தங்கவில்லை. என் குரல் குறைந்துகொண்டே போனது. எவற்றில் இருக்கும் என்று கீழே போட்டிருந்தது: பழைய பெயிண்ட், நிறம் பூசிய பொம்மைகள், சரியாக வேகாத பளபளப்புப் பூச்சு உள்ள பாத்திரங்கள். கடைசி வரி: இத்தகைய பாத்திரங்களில் புளிப்பான உணவுகளை ஊறவைக்காதீர்கள்.

"அப்புறம் என்னம்மா போட்டிருக்கு?" என்றாள் மகள். அவ்வளவுதான் என்றேன்.

பிறகு ஒரு டாக்டரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், வெல்லத்தையும் சேர்த்து. அவர் பொறுமையாகக் கேட்டார். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். அந்தச் சரக்கு உடம்பைவிட்டுச் சீக்கிரம் போகாது, எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றும் சொன்னார். நீங்களும் சப்பினீர்களே, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கணக்குப் பாடத்தில் நான் வாங்கிய மார்க்குக்கு இப்போதுதான் சார் காரணம் கிடைத்தது என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அப்படித்தான் பேச வரும். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தன் தூரிகையையும் அப்பாவின் சூளையையும் சேர்த்தல்லவா நினைத்துப் பார்ப்பாள். அப்பாவுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்பது எனக்குத் தெரியாது. படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், யாரும் எதுவும் கேட்காமலே ஒருநாள், "அந்த மேல் மூலையில சூடு பத்தாது" என்றார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியும். இருந்தும் வெச்சேன்" என்றார். பளபளப்பு சரியாக வராததைச் சொன்னாரா, வேறு எதையாவதா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வாய் எப்போது வேண்டுமோ அப்போது வராது. அவர் போன மூன்றாம் வருஷம் அம்மாவும் போனாள். பிராதைத் திரும்பப் பெறாமலே போனாள்.

அம்மா போனதும் நான் விருத்தாசலத்துக்கே திரும்பிவிட்டேன்; பாபு இப்போது என்னோடு இருக்கிறான். நாற்பதை எட்டப்போகிறான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்துகிற வேலை. டோக்கன் எண் அவனுக்கு வராது. ஆனால் யார் முகத்துக்கு எந்த வண்டி என்பதில் இதுவரை தப்பியதே இல்லை. கண்டக்டர்கள் "வேப்பூர், நல்லூர்" என்று கத்தும்போது வேலையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பான் என்று ஸ்டாண்டு முதலாளி சொல்கிறார். பட்டறை இருந்த இடத்தில் இன்று சிமெண்டு கோடவுன். சூளைப் புகைபோக்கி இல்லை. வாய் கோணிய ஜாடிகளை எங்கள் தெருவில் எவரும் வைத்திருக்கவில்லை. தனம் பெரியம்மா இல்லை. போன மாசி மகத்தில் ஒரு கடையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒரு பொம்மையை எடுத்து, இதில் என்ன சாயம் பூசியிருக்கிறது என்று கேட்டேன். "வெளையாட்டுச் சாமான்மா, திங்கிற சாமானா?" என்றார் கடைக்காரர். பக்கத்தில் ஒரு குழந்தை அதே பொம்மையை வாயில் வைத்திருந்தது. நான் அதன் தாயிடம் போட்ட கூச்சலில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இவ்வளவும் போய்விட்டது, அந்தக் கடைசிக் குருவி மட்டும் போகவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்தது. ஆற்றில் போட மனம் வரவில்லை, எத்தனையோ பேர் காலை நனைக்கும் ஆறு. மண்ணில் புதைத்தால் மேலே எது முளைக்குமோ. உடைத்தால் தூள் பறக்கும். மூடி இறுகிய ஒரு தகர டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

பிராதை நான் போய்த் திரும்பப் பெற்றுவிடலாமா என்று ஒரு நினைப்பு. காகிதம் எப்போதோ மக்கிப்போயிருக்கும்; வழக்கு மக்குமா? வாதிதான் வாபஸ் வாங்க வேண்டும், குற்றவாளி போய் வாங்க முடியாது என்று பட்டது. போன வாரம் மாலையில் பாபு சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். குருவி, வெல்லம், டாக்டர் கேட்டது, நான் தலையாட்டியது, மூட்டைக்குப் பின்னால் ஊறவைத்தது, அதனால்தான் உனக்கு இப்படி ஆகியிருக்கும் என்பது வரைக்கும், ஒரு சிரிப்பு வார்த்தையும் கலக்காமல், என் வாழ்நாளிலேயே முதல் தடவையாகச் சின்னக் குரலில் சொன்னேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவன் எங்கே போவானோ அங்கே போயிருந்தான். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"எல்லாருக்கும் ஒரு வாய்" என்றான். "எனக்கு மட்டும் ரெண்டு வாய். இல்லக்கா?"

ஆமாம்டா என்றேன்.

முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்து கைகழுவிக்கொண்டு வந்து, "அந்தக் குருவி எங்கக்கா?" என்று கேட்டான்.

தலைக்கு நேர் மேலே பரண். நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

"தொலைஞ்சு போச்சுடா" என்றேன்.

அதுமுதல் தினமும் வேலை முடிந்து வந்ததும் தேடுகிறான். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அரிசி மூட்டையை நகர்த்தி. அவனுக்கு முகம் மறக்காது. எதையும் இதுவரை தொலைத்ததில்லை.